பிள்ளை வளர்ப்பும் தொழில் நேர்மையும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பகுதிகளில் பிள்ளை வளர்ப்பவர்களும், வயல், கடை, வாடி என்று தொழில் செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. இரண்டையும் ஒன்றாக வைத்ததற்குக் காரணம் உண்டு. இங்கே வீடும் தொழிலும் தனித்தனி இல்லை. நெல் நிறுப்பதும், கடன் கொடுத்தவரோடு கதைப்பதும், வாய்க்கால் தண்ணிக்குச் சண்டை பிடிப்பதும் பிள்ளையின் கண்முன்னால்தான் நடக்கின்றன. பிள்ளைக்குச் சொல்லும் அளவும் தொழிலில் பிடிக்கும் அளவும் வேறாக இருந்தால், அதை முதலில் கண்டுபிடிப்பது பிள்ளைதான்.

அடிக்காமல் பிள்ளையைத் திருத்த முடியுமா? ‘அடியாத மாடு படியாது’ என்றுதானே சொல்வார்கள்?

முடியும். அடி உடனே பலன் தருவதுபோலத் தெரிவதால்தான் பலரும் அதை விட மாட்டாமல் இருக்கிறார்கள். அடி விழுந்ததும் பிள்ளை நிறுத்தும். ஆனால் நிறுத்தியது பயத்தால். அடுத்த முறை அதே வேலையை நீங்கள் பார்க்காத இடத்தில் செய்யும். அடிபட்ட பிள்ளைக்கு மனதில் நிற்பது தான் செய்த பிழை அல்ல, அடித்தவரின் முகம். அடி பழகப் பழக அளவும் கூடும். நேற்று கை போதுமாக இருந்தது, இன்று பூவரசந்தடி, நாளைக்குப் பெல்ட். மாட்டுப் பழமொழியைச் சொல்பவர்கள் மாடு பழக்குகிறவரைப் பார்க்க வேண்டும். புதுக் கன்றைப் பழகிய மாட்டோடு சேர்த்துப் பூட்டி, வெறும் நுகத்தோடு கொஞ்சத் தூரம் நடத்தி, பிறகுதான் பாரம் ஏற்றுவார். படிவது பக்கத்து மாட்டைப் பார்த்துத்தான்.

அடிக்குப் பதில் என்ன செய்வது? உங்களுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தால் முதலில் விலகுங்கள். கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி வர 15 நிமிடம் எடுங்கள். “பிறகு கதைப்பம்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் பிள்ளை தப்பிவிட்டதாக நினைக்கும். திரும்பி வந்ததும் பிழையை ஒரே வசனத்தில் சொல்லுங்கள்: “நீ எறிந்த கல்லால பக்கத்து வீட்டு ஓடு உடைஞ்சிட்டுது.” போன மாதக் கதை, தகப்பன் வழிக் குணம், மாமியின் மகனோடு ஒப்பீடு எதுவும் வேண்டாம். அடுத்தது ஈடு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். பிள்ளையே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஓட்டுக் காசை நீங்கள் கொடுத்தாலும், அந்த முற்றத்தைக் கூட்டிக் கொடுப்பதுபோல ஒரு சின்ன வேலையாவது பிள்ளை செய்யட்டும். செய்து முடிந்தால் கதை முடிந்தது. மறுநாள் சோறு போடும்போது அதை மீண்டும் எடுக்காதீர்கள்.

இந்த முறை பிழைத்துப்போகிற இடங்களும் உண்டு. அறியாமல் நடந்ததையும் அறிந்து செய்ததையும் ஒன்றாகப் பார்ப்பது முதலாவது. தண்ணீர் தூக்கி வரும்போது குடம் கைதவறி விழுந்தால் அதற்குத் தண்டனை இல்லை, துடைத்தால் போதும். தாங்க முடியாத தண்டனையைச் சொல்வது அடுத்தது. கோபத்தில் “ஒரு மாதத்துக்குப் போன் இல்லை” என்பீர்கள். மூன்றாம் நாள் ரியூசன் குறிப்பு போனில் வரும், கொடுத்துவிடுவீர்கள். உங்கள் சொல்லுக்கு மூன்று நாள்தான் ஆயுள் என்று பிள்ளை கணக்கு வைத்துக்கொள்ளும். ஒரு நாள் என்று சொல்லி ஒரு நாள் பிடியுங்கள். தாய் சொன்னதைத் தகப்பனோ அப்பம்மாவோ அந்த இடத்திலேயே தளர்த்துவது இன்னொன்று. மாற்ற வேண்டுமானால் பிள்ளை தூங்கிய பிறகு பெரியவர்கள் தங்களுக்குள் கதைத்து மாற்றட்டும்.

சட்டத்தையும் தெரிந்திருங்கள். பொறுப்பில் உள்ள பிள்ளையை வேண்டுமென்று தாக்குவதும் துன்புறுத்துவதும் கவனிக்காமல் விடுவதும் தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின்படி குற்றம். இது 1995இல் சேர்க்கப்பட்டது. 2 முதல் 10 வருடம்வரை சிறை.

வீட்டில் எத்தனை விதி வைக்கலாம்?

நான்கு, மிஞ்சினால் ஐந்து. “ஒழுங்காக இரு” என்பது விதி இல்லை. அதைக் கடைப்பிடித்தோமா என்று பிள்ளைக்கே தெரியாது. “பாடசாலையால் வந்ததும் சீருடையைக் கொடியில் போட வேண்டும்”, “விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன் வீட்டில் நிற்க வேண்டும்” என்பவை விதிகள். மூன்று வயதுக்குக் கீழே விதி வேலை செய்யாது. ஆபத்தான பொருளை எட்டாத உயரத்தில் வையுங்கள். நான்கு முதல் ஆறு வயதில் ஒரு நேரத்தில் ஒரு விதி, விளைவும் அதே நாளில். ஏழு வயதுக்குப் பிறகு நியாயம் விளங்கத் தொடங்கும். “தம்பிக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி” என்று கேட்பது வாய்க்கொழுப்பு அல்ல, அறிவு வளர்வதன் அடையாளம். பன்னிரண்டுக்கு மேல் பிள்ளையையும் இருத்திக் கதைத்துத்தான் விதி வைக்க வேண்டும். ஐந்தில் இரண்டு விதியாவது பெரியவர்களுக்கும் பொருந்தட்டும்.

கடைப் பெட்டியிலிருந்து மகன் காசு எடுத்திருக்கிறான். என்ன செய்வது?

முதலில் கணக்கைப் பாருங்கள். வீட்டோடு உள்ள கடைகளில் விற்ற காசும், சமையல் செலவும், பாண்காரருக்குக் கொடுத்ததும் ஒரே பெட்டிக்குள் கலந்து கிடக்கும். அதில் 200 ரூபா குறைந்தால் பழி பிள்ளையின் தலையில் விழும். மூன்று நாளுக்குக் காலையும் மாலையும் எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள்.

எடுத்தது உறுதியானால் “காசு எடுத்தனியோ?” என்று கேட்காதீர்கள். பதில் தெரிந்துகொண்டு கேட்பது பொறி வைப்பது. பயந்த பிள்ளை “இல்லை” என்னும்; களவோடு பொய்யும் சேரும். “பெட்டியில இருந்து 500 ரூபா எடுத்தது தெரியும். என்னத்துக்கு எடுத்தனி?” என்று சகோதரங்கள் இல்லாத இடத்தில் நேராகக் கேளுங்கள். பதிலை முழுதாகக் கேட்பது முக்கியம். ஐஸ்கிறீமுக்கு எடுத்த 500 வேறு, பெரிய பெடியள் வெருட்டிக் கேட்ட 500 வேறு. ரியூசன் காசு பிந்தியதற்கு வகுப்பில் எழும்பி நிற்க வெட்கப்பட்டு எடுத்ததும் வேறு. இரண்டாவதில் திருத்த வேண்டியது உங்கள் பிள்ளையை மட்டும் அல்ல.

ஈடு கட்டும் கணக்கையும் அதே கொப்பியில் எழுதுங்கள். வீட்டு வேலைக்கு மேலதிகமாக ஒரு வேலை, அதற்குக் கிழமைக்கு இவ்வளவு கழிவு என்று வையுங்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நான்கு கிழமைக்கு மேல் நீட்டினால் அது எதற்கென்றே மறந்துவிடும். மிச்சத்தை “இத விடுறன்” என்று சொல்லியே விடுங்கள். முடிந்த அன்று பிள்ளையின் முன் அந்த வரியைக் கோடு போட்டு வெட்டுங்கள். ‘கள்ளன்’ என்ற சொல் ஒருபோதும் வேண்டாம். அந்தப் பெயரை வீட்டில் கேட்ட பிள்ளை அதற்கேற்றபடி நடக்கத் தொடங்கும். பெட்டிக்குக் கிட்டவே விடாமல் வைப்பதும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. ஈடு முடிந்த பிறகு மாலைக் கணக்கை எண்ண அந்தப் பிள்ளையையே கூப்பிடுங்கள்.

கடன் வசூலிக்க வந்தால் “அம்மா இல்லை” என்று பிள்ளையைச் சொல்லவைக்கிறோம். வேறு வழி என்ன?

கிழமைக் கடன் எடுத்த பல வீடுகளில் நடப்பது இது. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் தாய் அடுப்படிக்குள் போவார். பிள்ளை படலையில் நின்று “அம்மா இல்லை” என்னும். சொல்லும்போதே பிள்ளையின் கண் அடுப்படிப் பக்கம் போகும். வந்தவருக்கும் விளங்கிவிடும், பிள்ளைக்கும் தான் பிடிபட்டது விளங்கிவிடும். அன்று இரவே அதே பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாமல் “செய்திட்டன்” என்றால் எந்த வாயால் ஏசுவீர்கள்? ஏசுவதற்காகச் சொல்லவில்லை. காசில்லாத வெட்கம் எவ்வளவு கனம் என்பது தெரிந்துதான் சொல்கிறோம்.

படலைக்கு நீங்களே போங்கள். “இண்டைக்கு 800 தான் இருக்கு. மிச்சம் வெள்ளிக்கிழமை” என்று தொகையும் நாளும் சொல்லுங்கள். கொடுத்ததை அட்டையில் எழுதி ஒப்பம் வாங்குங்கள், வாய்க்கணக்கு வேண்டாம். ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாரிடம், இன்னும் எத்தனை கிழமை, கிழமைக்கு எவ்வளவு. சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதைவிட அந்தக் கூட்டுத்தொகை பெரிதென்றால், தவணை தவறும் முன்பே கடன் கொடுத்த அலுவலகத்துக்குப் போய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டும்படி எழுத்தில் கேளுங்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பதுதான் பெரும்பாலும் குடும்பத்தைக் கவிழ்க்கிறது. வசூலிக்க வந்தவர் வெருட்டினாலும், கூடாத சொல் கதைத்தாலும், இரவில் வீட்டில் குந்தியிருந்தாலும் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பிள்ளையிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “அது என்ர கடன். ஆரும் கேட்டால் என்னைக் கூப்பிடு, நீ பதில் சொல்லத் தேவையில்லை.”

பிள்ளையை வயல் வேலைக்கும் கடைக்கும் எடுக்கலாமா?

வீட்டுக்கு உதவுவதும் கூலிக்குப் போவதும் வேறு வேறு. 16 வயதுக்குக் கீழே வேலைக்கு அமர்த்துவது சட்டப்படி தடை. 14 ஆக இருந்த வயது 2021இல் 16 ஆக்கப்பட்டது. பாடசாலைக்குக் கட்டாயம் போக வேண்டிய வயதும் 5 முதல் 16. ஆபத்தான தொழிலுக்கு 18 முடிந்திருக்க வேண்டும்.

சொந்த வயலில் குருவி விரட்டுவது, நாற்று எடுத்துக் கொடுப்பது, தேத்தண்ணி கொண்டுபோவது, மாலையில் கோழி அடைப்பது எல்லாம் பிள்ளைக்கு நல்லதே. பாடசாலை நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகாமலும், வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் இல்லாமலும் பாருங்கள். மருந்தடிப்பதும் மருந்து கலக்குவதும் கூடாது. உழவு இயந்திரத்தின் மட்காட்டில் ஏற்றுவதும் கூடாது. குழியில் சில்லு இறங்கி ஏறும்போது பிடி விட்டால் பின்சில்லுக்குள்தான் விழும். அரிவு வெட்டுக் காலத்தில் வகுப்பு இரண்டு கிழமை வெறுமையாகிற கிராமங்கள் இருக்கின்றன. கணிதத்தில் அந்த இரண்டு கிழமையைப் பிடிக்க ஒரு தவணை போதாது.

பழைய இரும்பு பொறுக்கி விற்கிறார்கள். விடலாமா?

விடக்கூடாது. சிவப்புப் பலகையில் மண்டை ஓடு போட்ட இடம் மட்டும் அல்ல, பற்றை, பதுங்குகுழி, குளக்கரை எங்கும் வெடிக்காத பொருள் கிடக்கலாம். கண்டால் தொடாதே, எறியாதே, வந்த அடியிலேயே திரும்பி நட, பெரியவரிடம் சொல் என்று பழக்குங்கள். 119க்கு அறிவியுங்கள். இரும்பு வாங்கும் வியாபாரிக்கும் சொல்ல வேண்டியது உண்டு: பிள்ளையின் கையால் வாங்காதீர்கள். நீங்கள் காசு கொடுக்காவிட்டால் பிள்ளை பற்றைக்குள் போகாது.

இரவில் வாய்க்காலை வெட்டித் தண்ணி விடுவது எல்லாரும் செய்வதுதானே? பயிர் காய்ந்தால் யார் சாப்பாடு போடுவார்கள்?

கேள்வி நியாயமான பயத்தில் இருந்து வருகிறது. ஆனால் கணக்குப் பிழை. சிறுபோகத்துக்கு, அதாவது வெயில் காலப் பயிருக்கு, குளத்தில் நிற்கும் தண்ணியைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். 20,000 ஏக்கருக்கு மேல் பாயும் இரணைமடுக் குளத்தின் கீழும் முழுக் காணிக்கும் ஒவ்வொரு வருடமும் சிறுபோகம் கிடைப்பதில்லை. முறை வைத்துத் தண்ணி விடும்போது ஒவ்வொரு வாய்க்காலுக்கும் நாள் பிரித்திருக்கும். அந்தக் கணக்கில் மேலதிகத் தண்ணி என்று ஒன்று இல்லை. நீங்கள் இரவில் எடுப்பது கடைசிக் காணிக்காரரின் பங்கு.

அது அவருக்கு என்ன செய்யும் என்பதைப் பார்க்க வேண்டும். மூன்றரை மாத நெல் விதைத்து 70, 75 நாளளவில் பூக்கும். அதற்கு முன், கதிர் தண்டுக்குள் இருக்கும் குடலைப் பருவத்திலும் பூக்கும் காலத்திலும் வயல் வெடித்தால் கதிர் வந்தும் மணி பிடிக்காது, பதராகும். பிறகு எவ்வளவு தண்ணி கட்டினாலும் பதர் நெல்லாகாது. உங்கள் வயலில் நாலு விரல் தண்ணி ஆறு விரலாகிறது. அவருக்கு அந்தப் போகமே போகிறது. வாய்க்கால் கரையை வெட்டியதால் வரும் அரிப்பு வேறு. மண் கரைந்து வாய்க்கால் அகன்று, அடுத்த முறை தண்ணி பாதித் தூரத்திலேயே நின்றுவிடும். அதைத் திருத்தச் சிரமதானத்துக்கு எல்லாரும்தான் வர வேண்டும்.

தண்ணி உண்மையாகவே போதாவிட்டால் முதலில் வரம்பைப் பாருங்கள். நண்டு வளையும் எலி வளையும் வழியே கசிவது பலருக்குத் தெரிவதில்லை. காலையில் ஒரு தடியை நட்டுத் தண்ணி மட்டத்தில் அடையாளம் வையுங்கள். மறுநாள் உங்கள் வயலில் இறங்கிய அளவு பக்கத்து வயலைவிடக் கூடுதலென்றால், தண்ணி போவது உங்கள் வரம்பால். அதை அடைத்த பிறகும் போதாவிட்டால் கமக்கார அமைப்பிடமும், தண்ணி பங்கிடும் வட்டவிதானையாரிடமும் சொல்லி, முறை மாற்றிக்கொள்ள விரும்பும் ஒருவரைக் கேளுங்கள். “இந்த முறை உங்கட ஆறு மணித்தியாலம் எனக்கு, அடுத்த முறை என்ர ஆறு உங்களுக்கு” என்று இரண்டு பேர் முன்னால் கதைத்தால் அது களவு இல்லை, கைமாற்று.

இரவில் மண்வெட்டியோடு போகும்போது டோர்ச் பிடிக்கப் பெரும்பாலும் மகனைத்தான் கூட்டிப் போகிறார்கள். “சத்தம் போடாதை” என்று நீங்கள் சொல்வதிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது.

நெல் நிறுக்கும்போது இரு பக்கமும் ஏமாற்றுகிறார்கள். நேர்மையாக நின்றால் நட்டப்படுவோமே?

நட்டப்படாமல் நேர்மையாக நிற்க வழி உண்டு. நியாயமான கழிவு என்பது சாக்கின் நிறை மட்டும். வெற்றுச் சாக்கு பத்தை ஒன்றாகத் தராசில் வைத்து, வருவதைப் பத்தால் பிரியுங்கள். அதுதான் ஒரு சாக்கின் கழிவு. அதற்கு மேல் வியாபாரி சொல்லும் கிலோவுக்குக் காரணம் கேளுங்கள். தராசில் அந்த வருட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வியாபாரத் தராசு ஆண்டுதோறும் முத்திரையிடப்பட வேண்டும். நிறுக்க முன் எடை தெரிந்த ஒரு பொருளை வையுங்கள். பிரிக்காத 5 கிலோ மா பை போதும்.

உங்கள் பக்கமும் சுத்தமாக இருக்கட்டும். ஈரநெல்லைச் சாக்கின் அடியில் போட்டு, காய்ந்ததை மேலே போடுவது பழைய வித்தை. நல்ல நெல்லின் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பல்லில் வைத்தால் காய்ந்த மணி டக்கென்று உடையும், ஈரமணி நசியும். ஈரச் சாக்கு அடுக்கில் சூடேறிப் பூஞ்சணம் பிடித்தால் பக்கத்துச் சாக்கையும் கெடுக்கும். அடுத்த போகத்தில் அந்தக் கிராமத்து நெல் என்றாலே வியாபாரி முன்கூட்டியே கழித்துத்தான் விலை சொல்வார். ஒருவர் செய்ததற்கு முழுக் கிராமமும் கழிவு கொடுக்கும்.

மருந்தடித்த மரக்கறியை அடுத்த நாளே சந்தைக்குக் கொண்டுபோனால் என்ன?

போத்தலில் தமிழிலேயே எழுதியிருக்கும்: கடைசியாக அடித்த நாளுக்கும் பிடுங்கும் நாளுக்கும் இடையில் எத்தனை நாள் விட வேண்டும் என்று. ஏழு, பதினான்கு என்று மருந்துக்கு மருந்து மாறும். பயற்றங்காயும் கத்தரியும் மிளகாயும் இரண்டு, மூன்று நாளுக்கொருமுறை பிடுங்குவதால் இந்த இடைவெளி பொருந்தாது. பிழை தொடங்குவது அங்கேதான். காய்க்கத் தொடங்கிய பிறகு இடைவெளி குறைந்த மருந்தைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டு எடுங்கள். அடிக்க முன் முற்றியதையெல்லாம் பிடுங்குங்கள். பாத்தியின் தலைப்பில் தடி நட்டு அடித்த திகதியை எழுதுங்கள். உங்கள் வீட்டுக் கறிக்கென்று மருந்தடிக்காத நான்கு மரத்தைத் தனியாக வைத்திருக்கிறீர்கள் என்றால், மற்றதை விற்கலாமா என்ற கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரியும்.

மிஞ்சிய மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும்.

கடையில் இரண்டு பேர் வேலைக்கு நிற்கிறார்கள். சாப்பாடும் கொடுக்கிறோம். சேமலாப நிதி கட்டத்தான் வேண்டுமா?

வேண்டும். ஒருவர் நின்றாலும், தற்காலிகம், நாட்சம்பளம் என்றாலும் கட்ட வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி பக்கம் 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். சம்பளம் 40,000 ரூபா என்றால் அவரிடம் கழிப்பது 3,200. நீங்கள் போடுவது 4,800உம் 1,200உம். அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம் விழும். 8 வீதத்தைக் கழித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது அவர் சட்டைப் பையில் கை வைப்பதற்குச் சமம். சாப்பாடு கொடுப்பது நல்ல மனம். அது சேமலாப நிதிக்கு ஈடாகாது.

மகனுக்கு 17 வயது. மணல் ஏற்றப் போனால் நல்ல காசு என்கிறான்.

மணல் அகழவும் ஏற்றிச் செல்லவும் தனித்தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். இரவில் ஆளைக் கூப்பிடுகிறவரிடம் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. பிடிபட்டால் உழவு இயந்திரம் நீதிமன்றத்துக்குப் போகும், ஏற்றியவனும் போவான். காசு போட்டவர் வீட்டில் இருப்பார். வழக்கு என்று ஒன்று பதிவானால், பிறகு வெளிநாட்டுக்கோ அரச வேலைக்கோ பொலிஸ் அறிக்கை கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். ஆற்றில் மணல் போனால் கரை இடியும், ஆழம் கூடும், பக்கத்துக் கிணறுகளில் தண்ணி கீழே போகும். இதையெல்லாம் சொன்னபின் “போகாதை” என்று மட்டும் விடாதீர்கள். அவனுக்குக் கையில் காசு தேவை என்பது உண்மை. தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்னிணைப்பு, குழாய்ப் பொருத்து, வாகனத் திருத்தம் என்று கற்கைகள் இருக்கின்றன. விண்ணப்பத்தை நிரப்ப அவனோடு நீங்களும் போங்கள்.

தகப்பன் குடித்துவிட்டு வருகிறார். இந்த வீட்டில் ஒழுக்கம் எப்படிச் சொல்வது?

“அப்பாவுக்குக் காய்ச்சல்” என்று மறைக்காதீர்கள். மணம் பிள்ளைக்குத் தெரியும். “அப்பா குடிச்சிருக்கிறார். இப்ப ஒண்டும் கதைக்க வேண்டாம், விடிய அவரோட கதைப்பம்” என்பது போதும். கசிப்பு (கள்ளச் சாராயம்) விற்கிற இடத்துக்குத் தகப்பனைக் கூட்டி வரப் பிள்ளையை அனுப்பவே கூடாது. பீடி, சுருட்டு வாங்கிவரவும் அனுப்ப வேண்டாம். 21 வயதுக்குக் கீழானவருக்கு மதுவும் புகையிலைப் பொருளும் விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அடிதடி வரக்கூடிய வீடென்றால் எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்பதைப் பகலிலேயே பிள்ளையோடு முடிவு செய்து, அந்த வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.

குடியை விட அவர் சம்மதித்தால் அதிலும் ஒரு கவனம். நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளுக்குள் கை நடுங்கும், வலிப்பும் வரலாம். கோயிலில் சத்தியம் பண்ணுவதோடு நிற்காமல் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் போங்கள். 1926 என்ற இலக்கத்தில் மனநல ஆலோசனை கேட்கலாம்.

தாய் வெளிநாட்டில், அம்மம்மாதான் வளர்க்கிறார். பிள்ளை அவர் சொல் கேட்பதில்லை.

அம்மம்மாவின் சொல்லுக்குப் பலம் கொடுக்க வேண்டியவர் தாய். போனில் பிள்ளை முறையிட்டதும் “பாவம், விடுங்கோ அம்மா” என்று தாய் சொன்னால் அந்த வீட்டில் விதி இல்லை. கிழமையில் ஒரு நாள் பெரியவர்கள் இருவரும் தனியாகக் கதைத்து, இருவரும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். பிள்ளையோடு கதைக்கும் நேரம் மாறாமல் இருக்கட்டும். பிரிந்திருக்கும் மனக்கஷ்டத்தைக் காசாலும் புதுப் போனாலும் நிரப்பப் பார்ப்பது இயல்பு, ஆனால் அது அம்மம்மாவின் கையைக் கட்டிவிடும். போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளுக்கும் ஒரு சொல்: பிழை செய்யும்போது “உன்ர அப்பா இருந்திருந்தால்” என்று தொடங்க வேண்டாம். அது தண்டனையிலும் பெரிது.

போனை எப்படிக் கட்டுப்படுத்துவது?

இரவு எல்லாருடைய போனும் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும், பெரியவர்களுடையதும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 மணித்தியாலத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும், அதற்கு மேற்பட்டவருக்கு 8. பேஸ்புக்கும் ரிக்ரொக்கும் தங்கள் விதியிலேயே 13 வயதுக்குக் கீழே அனுமதிப்பதில்லை. ஆராவது படம் கேட்டால், வெருட்டினால், “ஏன் கதைச்சனி?” என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள், அடுத்த முறை சொல்லாது. செய்திகளை அழிக்காமல் வைத்து 1929க்கு அழையுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், 24 மணித்தியாலமும் காசில்லாமல் அழைக்கலாம்.

பாடசாலையில் ஆசிரியர் அடித்தால்?

“ரெண்டு போட்டுத் திருத்துங்கோ சேர்” என்று பெற்றோரே சொல்லிக் கொடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நிறுத்துங்கள். கல்வி அமைச்சின் 2005, 2016 சுற்றுநிருபங்கள் உடல் தண்டனையை அனுமதிக்கவில்லை. ஆசிரியரின் அடியால் மாணவர் ஒருவரின் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட வழக்கில் 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை சித்திரவதையையும் கொடூரமான நடத்தையையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையின் மீறல் என்று தீர்ப்பளித்தது. காயம் இருந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டிப் பதிவு எடுங்கள். பிறகு அதிபரிடம் எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லாவிட்டால் வலயக் கல்வி அலுவலகம், பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலர். ஆசிரியரை வழியில் மறித்துச் சண்டை பிடிக்க வேண்டாம். பிள்ளை அதே வகுப்பில்தான் நாளைக்கும் இருக்க வேண்டும்.

எங்கள் மாடு பக்கத்து வயலில் இறங்கிவிட்டது. ஒருவரும் பார்க்கவில்லை. சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும், அதுவும் அன்றைக்கே. மறுநாளானால் அது கட்டாக்காலி மாட்டுச் சண்டையாகும், பொலிஸ்வரை போகும். மாடு மேய்த்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பொழுது படும் முன் போய், மேய்ந்த இடத்தை இருவரும் சேர்ந்து நடந்து பாருங்கள். நெல் இளசென்றால் திரும்பத் தளிர்க்கும். மிதிபட்ட இடத்தில் நாற்று எடுத்து நடுவதோடு போகும். குடலையோ கதிரோ என்றால் நாற்றால் ஈடுகட்ட முடியாது. எத்தனை பாகம் போயிற்று என்று பேசி, அறுவடையில் அந்த அளவு நெல்லைக் கொடுக்க ஒப்புக்கொள்ளுங்கள். பேசியதை இருவரும் எழுதி வையுங்கள். வீட்டுக்கு வந்ததும், இருட்டினாலும் பரவாயில்லை, மாடு நுழைந்த அந்த இடைவெளியை முள்ளுக்கம்பியால் அடையுங்கள். விட்டால் நாளைக்கும் அதே மாடு அதே வழியால்தான் போகும்.